படத்துக்குப் பதிலாக

முகப்புக்கு வேண்டிய அளவு
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுக்கு அறுநூறு.
வந்தாறுமூலையில் எதுவும்
இவ்வளவு அகலமாய், இவ்வளவு குட்டையாய் இல்லை,
வட்டையைத் தவிர.

வாசலைப் போட்டால் வளைவின் தலை போகிறது.
வேம்பைப் போட்டால் அடிமரம்தான் நிற்கிறது.
"என்னையும் எடுங்க பிள்ளை" என்று
கழுத்துப் பொத்தானும் பூட்டி நின்ற
காவல் அலியார் நானா
வெட்டுக்கோட்டுக்கு வெளியே போனார்.
ஒரு முழங்கை மிஞ்சிற்று.
பக்கத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் மஞ்சள் அள்ளி
அதையும் பூசினேன்.

திங்கள் ட்ரோன் வந்தது.
மூன்று அனுமதிக் கடிதம், இரண்டு பற்றரி.
கச்சான் காற்று அதைக் கடல் பக்கம் இழுக்க
ஜெறோம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான்.
மேலே போனால் எல்லாமே அழகு,
தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கி,
நூலக வாசலில் படுத்திருந்த பதினொரு மாடுகள்.

"மாடுகளை எடுத்துவிடலாமா?"
மேலிடத்து மின்னஞ்சல்.
எடுக்கலாம் சேர்.
ஒரு மாட்டுக்கு இருபது நிமிசம்,
நிழலுக்குப் பத்து.
ஏழாவதில் கரண்ட் போனது.

பிறகு அந்த மூவர்:
செங்கலடித் தர்மிளா, ஏறாவூர் பஸ்ரினா,
மொனராகலை நெத்மினி.
அன்றைக்குத்தான் ஆளை ஆள் கண்டவர்கள்.
நாவல் மரத்தடியில்
பற்றரி செத்த மடிகணினியைப் பார்த்துப்
பன்னிரண்டு தரம் சிரித்தார்கள்.
பதின்மூன்றாவதில்
பஸ்ரினாவின் குறிப்புக் கொப்பியில் காகம் எச்சமிட்டது.
அந்தச் சிரிப்பு கலங்கலாய் விழுந்திருக்கிறது,
ஒருத்தியின் கை முகத்தை மறைக்கிறது.
நான் ஒன்பதாவதைத் தெரிந்தேன்.

'வரலாறு' பக்கத்துக்கு
ஒருவரும் எழுதித் தரவில்லை.
'விரைவில்' என்று போட்டேன்,
மூன்று மொழியிலும், எழுத்துப்பிழை இல்லாமல்.

புதன் மத்தியானம் யதுர்ஷன் வந்தான்,
இரண்டாம் வருசம், கலைப்பீடம்.
ஃபோனைச் சார்ஜ் போட இடம் கேட்டு,
வெள்ளைத் தடியை மடித்துக் கதிரையில் வைத்து.
"அக்கா, புதுப் பக்கத்தக் கேட்டன்."
கேட்டன் என்றுதான் சொன்னான்.
"படம், படம் எண்டு வாசிக்கிது.
ஒரு இடத்தில டி ஜே ஐ சைபர் சைபர் நாலு ஏழு.
மறுகா 'விரைவில்' எண்டிச்சு.
அது மட்டும் விளங்கின."
குறை சொல்லவில்லை.
காற்றாடிக்கு நேரே முகத்தைப் பிடித்துக்கொண்டு
நாற்பது வீதம் ஏறும்வரை இருந்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி.
காணாதவர்களுக்கு, படத்துக்குப் பதிலாக.
இவ்வளவு நாளும் வெறுமனே விட்டிருந்தேன்.
அன்று பின்னேரம் எழுதினேன்:

வாசல். காலை ஏழரை.
இடது பக்கம், சட்டத்துக்கு வெளியே,
அலியார் நானா நிற்கிறார்.
சட்டை மினுக்கியிருக்கிறார்.

நூலகம், மேலிருந்து. பதினொரு மாடுகள்.
கண்ணால் பார்க்கிறவர்களுக்கு
ஐந்துதான் தெரியும்.

மூன்று மாணவிகள் சிரிக்கிறார்கள்.
எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.
காகம் இன்னும் வரவில்லை.

கடைசியாய், எந்தப் பக்கத்திலும் போடாத ஒன்று,
பழைய கோப்புக்குள் கிடந்தது:
கறுப்பு வெள்ளை. விரிவுரை மண்டபம்.
மேசைகளுக்கு இடையில் பாய்கள், பானைகள்,
கமராவைப் பார்க்காத பிள்ளைகள்.
திகதி இல்லை. எடுத்தவர் பெயர் இல்லை.
அதற்குமேல்
கோடு மின்னி மின்னி நின்றது.
நான் ஒன்றும் தட்டவில்லை. அழிக்கவும் இல்லை.

எழுத்து கூடிவிட்டதென
மஞ்சள் முக்கோணம் எச்சரித்தது.
மேலிடம் மறுநாள் பதில் போட்டது:
"படங்கள் நல்ல தெளிவு. வாழ்த்துகள்."
பெட்டிகளை யாரும் திறக்கவில்லை.

ஐந்தரை பஸ்ஸுக்கு இறங்கிப் போகிறேன்.
நான் அழித்த ஆறும்
வழியை மறித்துப் படுத்திருக்கின்றன.
ஜெறோம் ஹோர்ன் அடிக்கிறான்.
ஒன்று மட்டும் காதை ஆட்டுகிறது.