லத்தீன் கேசட்

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரன்
"லத்தீன்" என்று சொல்லித்தான் கொடுத்தான்.
பழைய பூசைப் பாட்டென்று நம்பி வாங்கிவந்தார் தொம்மை.
போட்டால்
எவனோ கிதாரைக் கையால் அடிக்கிறான்,
பெண்கள் கைதட்டுகிறார்கள்,
சாமி கடைசிவரை வரவில்லை.

மாற்றக் கிளம்பியவர்
கடைவாசலில் நின்று திரும்பிவிட்டார்.
ஞானஒளிவுபுரம் மாடியறையில் ஏழு மாதம்
அதே கேசட்.
ஓரிடத்தில் நாடா அறுந்தது.
நகப்பூச்சு வைத்து ஒட்டினேன்.
ஒரு விரல்கடை பாட்டு போய்விட்டது.

நான் மைக்செட்.
எவ்வளவு உயரமென்று சொல்லமாட்டார்.
ஒருமுறை ஊதுவார்,
மூச்சு திரும்பி உதட்டில் படும் இடத்தில்
கம்பியை நிறுத்தச் சொல்வார்.

செக்கானூரணி பூக்குழி, சோழவந்தான் காதுகுத்து,
எங்கும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள்.
"மலையாளமாண்ணே?"
"ஆமா" என்பார்.
மேலூரில் தலைவர் நூறு ரூபாய் குத்தியதாக
நானே அறிவித்தேன்.
தொம்மை நோட்டை விரலில் வைத்து அளந்தார்.
"அம்பதுதான் தலைவரே" என்றார்,
மைக்கில்.

பிறகு தமுக்கம்.
பொருட்காட்சித் திறப்பு, மந்திரி வந்தாயிற்று,
வாழ்த்துப் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
இவரை ஏற்றினார்கள்.
கிதார் மட்டும்.
இழுத்தார், நிறுத்தினார்,
ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினார்,
இருட்டில் யாரையோ வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி.
எழுந்து நின்ற கூட்டத்துக்கு
எப்போது உட்காருவதென்று தெரியவில்லை.

மறுநாள் சுவரெல்லாம் கண்டனம்.
வாசித்துக் காட்டினேன்.
"வாழ்த்துக்கு எந்த ழ போட்டிருக்கான்?"
"ள."
கிதார் அதிர அதிரச் சிரித்தார்.
அதன்பின் மூன்று வருடம்
ஒரு கோயில் கூப்பிடவில்லை,
கோயில் என்ன, சர்ச்சே
"கொஞ்சம் ஆறட்டும்" என்றது.
ஆம்ப்ளிஃபயரை விற்றேன். கிதாரை விற்கவில்லை.

அழகர்கோயில் ரோட்டு ஓட்டலில்
சாப்பாட்டு நேரத்துக்கு வாசிக்கிற வேலை.
பெரு நாட்டுக்காரி ஒருத்தி
தோசையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.
பாதிச் சொற்கள் புரிகிறதாம்.
கழுதையைத் தொலைத்தவன் பாட்டாம் அது.
வழிகாட்டிப் பையன் சொல்லச் சொல்ல
தொம்மையின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இத்தனை கல்யாணத்தில்.

"கிடைச்சுதா கழுதை?"
அவளுக்கு நினைவில்லை.
நான் கீழே பார்த்தேன்.
நாடா அறுந்தது அங்கேதான் இருக்கும்.

ராத்திரி ஆட்டோவில்
கிதாரை மடியில் போட்டுக்கொண்டு
தமிழில் ஆரம்பித்தார்.
வண்டியூர்க் கண்மாய்க் கரையில் தேடினார்,
தெப்பக்குளத்தைச் சுற்றினார்,
வைகை மணலில் குளம்படி கேட்டதென்றார்.
வீடு வந்துவிட்டது.
"இன்னொரு ரவுண்டு போப்பா" என்றார் டிரைவரிடம்,
"சத்தம் கேட்குது."