நடுவில் நிற்கும் முள்

பியோவிலிருந்து காலைப் பேருந்து.
ஒரே ஓர் இருக்கைதான் காலி, அவன் பக்கத்தில்.
ஒன்பது மாதம் பேசாத அண்ணனின் தோளில்
ஒவ்வொரு வளைவிலும் இடித்துக்கொண்டே போனேன்.
கீழே சட்லெஜ்,
மலையையே கரைத்துக் குடித்த நிறத்தில்.

ருப்சாங்கில் இறங்கி ஏறினோம்,
அவன் முன்னே, நான் பின்னே,
ஆளுக்கொரு உப்புப் பொட்டலம்.
அவனுடையது கடை உப்பு, அயோடின் கலந்தது.
தேவி இதை ஏற்பாளா என்று கேட்க வாயெடுத்தேன்,
அடக்கிக்கொண்டேன்.

கதை எல்லோருக்கும் தெரியும்.
திபெத்திலிருந்து உப்பேற்றி வந்த நோர்குவின் செம்மறிக் கிடா
இந்தத் தேவதாருவின் அடியில் படுத்துவிட்டது.
அடித்தான், எழவில்லை.
கெஞ்சினான், எழவில்லை.
மூட்டையை அவிழ்த்தால் உப்புக்குள் ஒரு கல்,
குருவிமுட்டை அளவு.
கள்ள எடை என்று கூட வந்தவர்கள் சிரிக்க
ரோஷத்தில் அதைத் தராசில் இட்டான்.
எதிர்த்தட்டில் ஒரு சிட்டிகை உப்பு: முள் நடுவில்.
ஒரு படி: முள் நடுவில்.
மூட்டை மூட்டையாகக் கொட்டினான்,
கடைசியில் கால் செருப்பையும்
கடன் சீட்டையும் கழற்றி வைத்தான்.
முள் அசையவில்லை.
அன்றோடு நோர்கு துறவியானான் என்பார்கள்.
கடன்காரனுக்குப் பயந்திருப்பான் என்பார் அப்பா.

அப்பா.
அவர் நட்ட ஆப்பிள் மரங்களில்
பதினொன்றுதான் கேட்டேன்.
மகளுக்கு மண் கிடையாது, எங்கள் பக்கத்து வழக்கம்.
மகள் வாய்க்கால் திருப்பலாம்,
பனிக்கு முன் தூர் மூடலாம்,
பெட்டி அடுக்கி ஆணி அடிக்கலாம்.

பச்சைத் தொப்பியைச் சரிசெய்தபடி
"பல்டன், யாங்ஜோம், யார் முதலில்?" என்றார் பூசாரி.
அண்ணன் கைநிறைய வைத்தான்.
முள் நடுவில்.
அதை வழித்துவிட்டு நான் வைத்தேன்,
விரலிடுக்கில் ஒழுகிப் பாதிதான் மிஞ்சியது.
முள் நடுவில்.
பார்த்தாயா என்றான்.
பார்த்தேன் என்றேன்.
ஒன்பது மாதத்தில் அவ்வளவுதான் பேச்சு.

தேவி என்ன சொல்கிறாள் என்று கேட்டோம்.
"எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறாள்"
என்று உண்டியலை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

பிரசாதமும் உப்புதான்.
வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது,
அங்கேயே விழுங்க வேண்டும்.

திரும்பும் வழியில் மண் சரிந்து பேருந்து நின்றது.
ஓட்டுநர் இறங்கிப் பீடி பற்றவைத்தார்.
நாக்கு மரப்பட்டையாகிவிட்டது.
தண்ணீர் இருந்தது அவனிடம் மட்டும்.
குடித்தான்.
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாட்டில்
எங்கள் இருவர் முழங்காலுக்கும் நடுவில்.
மூடி இன்னும் அவன் கையில்.