தையா, தீயா

முதலில் கேட்டது தில்ஷாத்:
ரவுண்டானா பக்கம் புதுக் கடையில்
ஆர்கானிக் கல்லுப்பு விற்கிறார்களே மிஸ்,
உப்பில் ஏது கார்பன்?
சாமுண்டி மிஸ் சிரித்ததில்
சாக்பீஸ் உடைந்தது.

ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன்.
ஒற்றை, இரட்டை, மூன்று பிணைப்பு.
நடுவில் உள்ளது பழமே விடும் மூச்சாம்,
அதில்தான் காய் பழுக்குமாம்.
என் கையெழுத்தில் மூன்றும் ஒன்றுதான்.

நான் கேட்க நினைத்தது வேறு.
கார்பைடில் கார்பன் இருக்கிறதே,
அது ஏன் கரிமச் சேர்மம் இல்லை?
எழுந்தேன்.
பேனா மூடி தேடுகிறவள்போல்
உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் பூண்டு தீர்ந்து பத்து நாள்.
அப்பா சட்டையில் மட்டும் பூண்டு வாடை.
காவேரிப்பட்டணம் மண்டியில் ராத்திரியெல்லாம்
பழைய பேப்பரில் சாம்பல் கல் மடித்து
செந்தூராக் கூடைகளின் அடியில் செருகுகிறார்.
விடியும்போது காயெல்லாம் மஞ்சள்.
உள்ளே புளிப்பு அப்படியே.

வியாழக்கிழமை ஜீப் வந்தது.
பழத்தைக் குழியில் கொட்டினார்கள்.
முதலாளிக்கு அபராதம்,
அப்பாவுக்கு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு.
கார்பைடிலிருந்து ஈத்தைன் தயாரித்தல்,
சமன்பாடு தருக. மூன்று மார்க்.
இந்தப் பக்கம் கல், இரண்டு தண்ணீர்.
அந்தப் பக்கம் வாயு, சுண்ணாம்பு.
எண்ணிப் பார்த்தேன், அணுக்கள் சரி.
ஐந்நூறு ரூபாய்க் கூலி
எந்தப் பக்கமும் வரவில்லை.

தாள் திரும்பி வந்தது. இரண்டரை.
வாயுவின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் மிஸ் எழுதியிருந்தார்:
இது தையா, தீயா?