அறுபது கிராம்

தூத்துக்குடியிலிருந்து போன்:
"நீங்க எழுதி அனுப்புனதவிட எடை கூட வருதுங்க."
குறைந்தால் கத்துவார்கள்.
கூடினால் யாரும் கூப்பிடுவதில்லை.
வேலைக்குப் புதிது போல, பையன்
விவரம் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டான்.

நண்டு போகிற வழியில் நீர் வடித்து இளைக்கும்.
சாயல்குடியில் இறங்கிச் சாப்பிட்டுப் பெருத்த நண்டை
இந்தப் பதினாலு வருடத்தில் நான் கண்டதில்லை.

முள்ளிமுனைக் கொட்டகையில்
ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத்
தராசில் வைத்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது.
தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது.
உப்புக்காற்று உள்ளே புகுந்து
எனக்குச் சாதகமாகத் துருப்பிடித்திருந்தது.

முத்திரை போட்டவர் வந்துபோய்ப் பதினேழு நாள்.
முப்பத்தொரு வள்ளம்.
பிரிட்டோ கால்குலேட்டரைத் தட்டினான்:
இருநூற்று நாற்பத்தாறு கிலோ,
ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம்.
"தெரிஞ்சு செய்யலையே அக்கா.
தராச மாத்திட்டு, நாளையிலேருந்து
கிலோவுக்கு அஞ்சு ரூபா கூட்டிக் கொடுப்போம்.
கணக்கும் நேராயிரும், நல்ல பேரும் வரும்."

நல்ல யோசனை.
அதுதான் பயமாக இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம்
கப்பல் போகாமல் சரக்கு தேங்கி
நான் கடன் சொன்ன இருபத்திரண்டு நாள்
ஒரு வள்ளமும் வேறு வண்டிக்கு நண்டு போடவில்லை.
துண்டுச்சீட்டில் 'ஜெமிலத்து' என்று நான் கிறுக்கியதைப்
பணம் மாதிரி மடித்து
பாலித்தீன் பையில் வைத்துக்கொண்டார்கள்.
ஐஸ் பாக்கி இருக்கிறது. வங்கித் தவணை இருக்கிறது.
ஆனால் அந்த மடிப்பும் இருக்கிறதே.

அஸர் தொழுகை முடிந்து,
வலை உதறிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன்.
பொட்டலத்தை எல்லோர் முன்னாலும் வைத்துக் காட்டினேன்.
ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

நம்பு பீடியைக் காதில் செருகினான்.
"ஆறாம் நாளே தெரியும் கம்பெனிக்காரம்மா.
எங்க வீட்ல தொங்குதராசு இருக்கு."
"ஏன் சொல்லல?"
"நீங்க சொல்றீங்களான்னு பாத்தோம்."

காற்று திரும்பியது. கருவாட்டு வாசம்.

அவன் தொண்டையைச் செருமினான்.
"ஒண்ணு இருக்கு.
எட்டாம் நாளிலேருந்து சாக்க நனைச்சுக் கொண்டாந்தோம்.
அதையும் கழிச்சுக்கங்க."
பின்னால் நின்ற களஞ்சியம்
"வாய மூடேன்" என்றாள், தாமதமாக.

அப்புறம் நடந்ததை எந்த ஆடிட்டரும் நம்பமாட்டார்.
டிரம்மில் ஒரு சாக்கை முக்கி எடுத்து,
எவ்வளவு பிழிந்தால் நியாயம் என்று
முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம்.
"நாங்க இம்புட்டு நனைக்கல."
"நான் இதைவிட ஈரமா பாத்தேன்."
சாக்குக்கு நானூறு கிராம் என்று முடிந்தது.
பிரிட்டோ புதுப்பக்கம் எடுத்து
இரண்டு திருட்டையும் ஒரே பேனாவால் எழுதினான்:
தெரியாமல் செய்தது,
தெரிந்து செய்தது.
மீதியை ராத்திரியே ரொக்கமாகக் கொடுத்தேன்.
எண்ணித்தான் வாங்கினார்கள்.
எண்ணாமல் வாங்கியிருந்தால்
எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

விடியலில் கரையேறிய சாக்குகள்
மொறமொறவென்று காய்ந்திருந்தன.
புதுத் தராசின் எண்ணை
யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்.
ஒவ்வொரு நாளும், முதல் வள்ளத்துக்கு முன்னால்,
அதே சர்க்கரையை வைத்துப் பார்க்கிறேன்.
எறும்பு வரும்போது
பொட்டலம் மாற்ற வேண்டியிருக்கிறது.