நாற்பத்துமூன்றாம் எண்

மூன்று ஜீப்பில் பதினெட்டு மாணவர்கள்.
நென்மாறையிலிருந்து ஏறும்போதே
இரண்டு பேர் வாந்தி.
டென்மார்க் என்றார் மேனேஜர் குரியச்சன்.
எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

எடை போடுவது என் வேலை.
நெல்லியாம்பதி மலை, கரடிப்பாறை எஸ்டேட்,
தகரக் கூரை, தொங்கு தராசு, ஒரு பேரேடு.
பிளஸ் டூ படித்தவள் என்பதால்
அன்றைக்கு மட்டும் பேச்சையும் மாற்றிவிட வேண்டும்:
அவர்கள் இங்கிலீஷ் எனக்கு,
என் மலையாளம் மேஸ்திரிக்கு,
மேஸ்திரியின் நொண்டி இந்தி
ஜார்க்கண்ட்காரர்களுக்கு.
ஒரு கேள்வி இத்தனை கை மாறிப் போய்ச் சேருவதற்குள்
பாதி வழியிலேயே சிந்தியிருக்கும்.

பாதையோர வரிசைதான் படத்துக்கு நல்லது என்று
புத்னி ஓராவ்னின் கூடையை வாங்கி
அவர்களிடம் கொடுத்தார் குரியச்சன்.
அவள் ஒதுங்கி நின்றாள்.
கூலி கிலோக் கணக்கு.
நிற்பதற்குக் கணக்கு கிடையாது.

அவர்கள் பறித்ததைப் பார்த்திருக்க வேண்டும்!
தூங்கும் குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதுபோல
இரண்டே விரலால், ஒவ்வொரு பழமாக.
கைதவறிப் பச்சைக்காய் உதிர்ந்தால்
செடியிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.
நாங்கள் கிளையைப் பிடித்தால் ஒரே உருவு.

ஒருவன் பழத்தைச் சப்பிவிட்டு
இனிக்கிறதே, இந்த இனிப்பை என்ன செய்கிறீர்கள் என்றான்.
தோல் குவியலைக் காட்டினேன்.
கள்போலப் புளித்துக் கிடந்தது, மேலே குளவிகள்.

அப்போதுதான் லெர்க்கே அலறினாள்.
இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக்கூட்டில்
தலையைக் கொடுத்திருந்தாள்.
கழுத்தெல்லாம் எறும்பு.
புத்னி கூடையைத் தாண்டி வந்தாள்.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்,
பிடுங்கியதை நசுக்கித் தன் வாயில் போட்டாள்.
கூட்டையும் விடவில்லை.
ஒடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினாள்.

மதியம் கல்லில் அரைத்தாள்:
எறும்பு, பச்சைமிளகாய், பூண்டு, உப்பு.
வேண்டாம் என்று தடுக்கச் சொன்னார் குரியச்சன்.
அதை மட்டும் இங்கிலீஷில் சொல்ல
எனக்கு வார்த்தை வரவில்லை.
லெர்க்கே தொட்டு நக்கினாள்.
எலுமிச்சை என்றாள்.
இன்னொரு விரல் வைத்தாள்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாய் என்று
புத்னியைக் கேட்டாள்.
கேள்வி எல்லாக் கையும் மாறிப் போய்
பதிலோடு திரும்பிவந்தது:
மூன்று ராத்திரி ரயில்,
அதில் ஒரு ராத்திரி கக்கூஸ் வாசலில்.
லெர்க்கே விரல் மடக்கினாள்.
இரண்டு விமானம்.
ஒரு ராத்திரி.
பிறகு கொஞ்ச நேரம்
சட்னி தொடும் சத்தம்தான்.

சாயங்காலம் பங்களாவில் காப்பி ருசி பார்த்தார்கள்.
கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி,
துப்ப வேண்டுமாம். அதுதான் முறையாம்.
பதினெட்டுப் பேர் துப்புவது
எடைக் கொட்டகைவரை கேட்டது.

அவர்கள் கூடை என் கொக்கியில் தொங்கியது.
பதினொரு கிலோ இருநூறு.
ஒரு இலை இல்லை, ஒரு பச்சை இல்லை.
பன்னிரண்டு வருஷத்தில்
இப்படி ஒரு கூடையை நான் கொட்டியதில்லை.
விருந்தாளிகள் பறித்தது,
எழுதண்டா என்றார் குரியச்சன் போனில்.

நாற்பத்துமூன்றாம் எண்ணுக்கு நேரே எழுதினேன்,
மீதிப் பொழுதில் புத்னி தானே பறித்த
முப்பத்தெட்டோடு கூட்டி.
எழுத்து கொஞ்சம் சின்னதாக விழுந்தது.

சீட்டை வாங்கிப் பார்த்தாள்.
எழுத்துத் தெரியாது அவளுக்கு,
எண் தெரியும்.
என்னைப் பார்த்தாள். மறுபடி சீட்டை.
மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
லயத்துக்கு நடந்தாள்.

மறுநாள் காலை கொட்டகைக்கு வந்தால்
தராசுக் கொக்கியில்
முழுசாக ஒரு முசுறுக்கூடு.
சங்கிலியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.
முள் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை.

வீட்டில் பூண்டு இருக்கிறதா என்று
யோசித்துக்கொண்டு நின்றேன்.