பெட்டி பிந்தி வரும்

என் வான் நீலம்.
வெள்ளை வாங்காதீங்க என்றாள் மனைவி,
வெள்ளை வான் வந்து நின்றால்
இந்தப் பக்கத்துச் சனம் இன்னும்
படலை திறக்க யோசிக்கும்.

கட்டுநாயக்காவில் ராத்திரி ஐந்து பெட்டி ஏற்றினேன்.
ஆள் ஓடிப் பிடித்த பிளேனை
ஓடிப் பிடிக்க ஏலாமல் போனவை.
மறுகா வேறு பிளேனில் தனியே வந்து
உருளும் பட்டியில் யாரும் தொடாமல்
சுற்றிச் சுற்றிக் களைத்தவை.

புணானையில் ஒற்றை யானை
றோட்டை விடவில்லை.
லைட்டை அணைத்துவிட்டு இருந்தோம்,
நானும் ஐந்து பெட்டியும்,
முக்கால் மணித்தியாலம்.
பிந்தியது இன்னும் கொஞ்சம் பிந்தியது.

ஏறாவூரில் ஒன்று.
கல்லடிப் பாலத்தில் விடிந்தது.
காத்தான்குடியில் இரண்டு, ஒரு பிளேன்டீ.

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்குத்
தண்ணி இறைக்கிற மோட்டர்ச் சத்தத்துக்குள்
நல்லரெத்தினம் தங்கேஸ்வரி வீடு எது என்று
கத்திக் கேட்டேன்.
"குவைத் தங்கமா? வாழை கட்டின படலை."

வாழை இரண்டும் தலை தொங்கி நின்றன.
சடங்கு நேற்று முடிந்துவிட்டது.

அவ வெளியே வந்தா, நொண்டி நொண்டி.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவவாகவே சொன்னா:

"மணல் காத்து, தம்பி. ரெண்டரை மணித்தியாலம்
பிளேனுக்குள்ள ஏத்தியே வெச்சிருந்தானுகள்.
டோஹாவில இறங்கக்குள்ள
மிச்சம் இருவத்திரெண்டு நிமிசம்.
செருப்பைக் கழட்டிக் கையில எடுத்தன்.
தானா ஓடுற படியிலயும் ஓடினன்.
கடைசி வாசல்ல ஒரு புள்ள
பட்டியை இழுத்துக் கொளுவிட்டு நிக்கிறாள்.
ஆறு வருசம் பேசின அரபு
அந்த நேரம் வாயில வரல்ல.
மகள், மகள் எண்டன், தமிழில.
என்ன விளங்கிச்சோ,
கழட்டி விட்டாள்."

பெட்டியைப் பார்த்தா. ஒரு சில்லு இல்லை.
சிப் ஓரமாய்த் தோடம்பழத் தூள் கசிந்து
செம்மஞ்சளாய் ஒரு கோடு.
"இதுக்குள்ளதான் அவள்ர சேலை.
பக்கத்து வீட்டுச் சேலைதான் கட்டினது,
போட்டோ எல்லாத்திலயும் அதுதான்."

நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள் பிள்ளை.
கன்னத்து மஞ்சள் இன்னும் போகவில்லை.
கையில் சுடுதண்ணீர்ச் சட்டி, துணி.
பெட்டிப் பக்கம் அவள் திரும்பவில்லை.
"பெட்டி எப்பயும் வாறதுதானேம்மா,
நீங்க இருங்க, காலை நீட்டுங்க."

ஆறு வருசம். கப்பலில் எத்தனை பெட்டி
இந்தப் படலைக்கு வந்திருக்கும் என்று
நான் கணக்குப் பார்க்கவில்லை.
தங்கேஸ்வரி இருந்தா, முற்றத்திலேயே,
பெட்டிக்கு மேலேயே.
கொப்புளம் வெடித்த இரண்டு கால்களையும்
பிள்ளை மடியில் எடுத்தாள்.

பாரத்தில் ஒரு கட்டம்:
பொருளின் நிலை.
சில்லு ஒன்று உடைவு, மற்றதெல்லாம் சரி என்று
நானே எழுதி நீட்டினேன்.
வாசிக்காமல் ஒப்பம் வைத்தா.

வானைக் கிறுக்கிற நேரம் கண்ணாடியில் பார்த்தேன்:
கைப்பிடியில் கட்டியிருந்த பட்டியைப்
பிய்த்தெடுத்த சின்னவன்
ஆட்டின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான்.
கோடு கோடாய் நம்பர், டோஹா, கொழும்பு.
ஆடு அதைத் தின்னப் பார்த்தது.

இன்னும் ஒன்று, திருக்கோவிலுக்கு.
போன் எடுக்கிறார்கள் இல்லை.