முழங்காலுக்குக் கீழே

எங்கள் மலையில் கடன்பட்டவனுக்குக்
காபி மேசைமேல் வராது.
தூக்கிய முழங்காலின் அடியில் வரும்.
குனிந்து வாங்க வேண்டும்,
கல்யாண வீடானாலும்.
கடன் பணமல்ல. ரத்தம்.

அண்ணன் பாஷ்க் மதகடியில் விழுந்து
பதினோரு பனிக்காலம்.
அரைமணி நேர வாய்க்கால் தண்ணீருக்காக.
சுட்ட ஜெலோஷ்
ஷ்கோதர் சிறையில் இருமி இருமிச் செத்தான்.
அது கணக்கில் சேராது.
அவன் மகன் ஸெஃப் இருக்கிறான்,
ஐந்து வயதிலிருந்து வாசல் தாண்டாதவன்.
ஜன்னலில் செங்கல் அடுக்கி
ஒரு துவாரம் மட்டும் விட்டிருந்தார்கள்.
சில நாள் அதில் ஒரு கண் தெரியும்.
நான் காத்திருந்தேன்.
மானஸ்தர்கள் பிள்ளையைச் சுடமாட்டார்கள்;
மீசை முளைக்க வேண்டும்.
இந்த வருடம் முளைத்துவிட்டது.

அண்ணி மிரிகா,
கர்த்தர் கற்பித்த செபத்தில்
அந்த ஒரு வரி வந்ததும் உதட்டை மூடிக்கொள்வாள்.
மற்றவர்கள் கடந்த பிறகு
மறுபடி சேர்ந்துகொள்வாள்,
ஓடையில் வழுக்குக்கல்லை விட்டு
அடுத்த கல்லுக்குத் தாவுகிறவள் மாதிரி.
பெரிய வெள்ளியன்று தாவவில்லை.
சத்தமாகவே சொன்னாள்.
நற்கருணை வரிசையில் நிற்காமல்
தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு
ஜெலோஷ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.
"பையனை வெளியே அனுப்பு.
ஆடு மேய்க்க எனக்கு ஆள் வேண்டும்."
அழவில்லை. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

என்னை ஒருவரும் கேட்கவில்லை.
சாமியாரிடம் கத்தினேன்:
"உங்களுக்கு அண்ணன் உண்டா?"
"இரண்டு பேர் இருந்தார்கள்" என்றார்.
இறந்தகாலத்தில்.
மேலே பேச எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணம்.
அதே முழங்கால், அதே கோப்பை, பாதி நிரப்பியது.
மன்னித்தது அவள்,
கடன் என் பேரிலேயே நிற்கிறது.
குனிந்தேன்.
அவ்வளவு கீழே போனால்
மனிதர்களின் பாதம்தான் தெரிகிறது.
சேறு. ஓட்டை விழுந்த காலுறை.
எதிர் வரிசையில் ஸெஃபின் பூட்ஸ்:
பதினாறு வயதில் அவனுக்கு
முதன்முதலாகத் தேய்கிற குதிகால்.

அந்த வியாழன் இரவு
இடுப்பில் துவாலை கட்டியவரும்
இந்த உயரத்தில்தான் இருந்திருப்பார்.
யூதாசின் கால் அழுக்கையும்
கிட்டத்தில் பார்த்திருப்பார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை.
காபி மட்டும் ஆறியிருந்தது.
குடித்தேன்.
கோப்பையைத் திரும்ப நீட்டி
இன்னொன்று கேட்டேன்.